மேல்வீட்டுத் தண்ணீரும் கீழ்வீட்டு வட்டிலப்பமும்

தொடர்மாடிக் குடியிருப்புகளை மேற்பார்வை செய்யும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். பம்ப், டேங்க், படிக்கட்டு பல்ப் இதெல்லாம் கொஞ்ச நாளில் தானாகக் கைக்கு வந்துவிடும். அதற்கு நான் தேவையில்லை. வராமல் இழுத்தடிப்பது வேறொன்று. மேல்வீட்டுத் தண்ணீர் கீழ்வீட்டில் இறங்கும் அன்று, குடியிருப்பவர், வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லோரும் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை நமக்கு யாரும் கொடுக்கவில்லை. ஆனாலும் பார்ப்பார்கள். அந்த நேரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள்; அதைக் கேட்டதும் நரைத்த தலையோடு ஊன்றுகோலை நினைக்க வேண்டாம். என் மகள் காவ்யா இன்னும் பள்ளிக்கூடம் போகிறாள். இது நானாகக் கேட்டு வாங்கிய முன்கூட்டிய ஓய்வு. காரணம் கீழே வருகிறது. இப்போதும் எந்த வீட்டுக்குப் போனாலும் வாங்க என்று சொல்பவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அண்ணாந்து மேலே பார்க்கிறேன். போன மாதம் பண்டாரவளையில் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்திலும் அப்படித்தான். பக்கத்தில் இருந்த அம்மா, "கண்ணு கலங்குதா, நம்ம பொண்ணு மாதிரி தானே" என்று கையைத் தட்டிக்கொடுத்தார். நான் மண்டபத்துக் கூரையில் ஒரு விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்போது நான் பதுளையில் ஒரு தொடர்மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் கீழ்த்தளத்திலேயே எனக்குக் குவார்ட்டர்ஸ். முதலாம் மாடியில் பாத்திமா ராத்தா இருந்தார். அது அவருடைய சொந்த வீடு. முன்னறையிலேயே தையல் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைப்பார். எல்லோருக்கும் மூத்தவர், அதனால் முழுக் கட்டடத்துக்கும் அவர் ராத்தாதான். அவருக்கு நேர் மேலே இரண்டாம் மாடியில் சரசு அக்கா வாடகைக்கு இருந்தார். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அவர்களுடைய லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் மண் சரியத் தொடங்கியதும், மகளைக் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தவர். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை. சரசு அக்கா பேக்கரியில் மா பிசைந்தார். மகளுக்கு அந்த வருடம் உயர்தரப் பரீட்சை. அந்தப் பரீட்சை முடியும்வரைக்குமாவது ஒரு கூரைக்குக் கீழே நிலையாக இருந்துவிட வேண்டும் என்பது தவிர அவருக்கு வேறு எண்ணமே கிடையாது.

சம்பவத்தன்று காவ்யா புதுச் சீருடைக்கு ஓரம் மடிக்க ராத்தாவிடம் போயிருந்தாள். ராத்தா அவளை ஒரு ஸ்டூலின் மேல் நிறுத்தி, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, குனிந்து அளவெடுத்துக்கொண்டிருந்தார். நான் வீட்டிலிருந்து அவளுடைய போனுக்குக் கோல் எடுத்தேன். இவ்வளவு நேரம் என்ன செய்கிறாள் என்று கேட்கத்தான். நான் எந்நேரமும் கோல் எடுக்கிறேன் என்பது அவளுடைய நிரந்தரக் குறை. சலித்துக்கொண்டே ஸ்டூலிலிருந்து இறங்கி, ஜன்னலோரம் இருந்த போனை எடுத்துக் காதில் வைத்திருக்கிறாள். அதே நொடியில் மேலே கொங்கிரீட் சிலாப்பிலிருந்து ரொட்டித் தட்டு அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து ஸ்டூலின் மேல் விழுந்தது. ஸ்டூலின் ஒரு கால் முறிந்துவிட்டது.

போனில் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. பிறகு ராத்தாவின் குரல். பிறகு ஒன்றுமில்லை.

மாடிப்படி ஏறியது எனக்கு ஞாபகம் இல்லை. காவ்யா தலை முழுக்க வெள்ளைத் தூளோடு நின்றாள். அவளுக்கும் ராத்தாவுக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நான் அவளைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, "ஏன் ரெண்டாவது ரிங்லயே எடுக்கல?" என்று திட்டினேன். அவள் அன்றிலிருந்து முதல் ரிங்கிலேயே எடுக்கிறாள். என் தொணதொணப்புக்கு இப்படி ஒரு நற்சாட்சிப் பத்திரம் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அடுத்ததாக எனக்குத் தோன்றியது மேலே ஏறிப்போய்ச் சரசு அக்காவைப் பிடித்து உலுக்குவது. உங்களுக்கும் தோன்றும். அப்படித் தோன்றினால் உடனே ஒரு வால்வைத் தேடிக்கொண்டு ஓடுங்கள். தண்ணீரை நிறுத்துவதும் நனைந்த இடத்துக்குக் கீழே யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்வதும்தான் முதல் வேலை. யாருடைய பிழை என்பது ஆறிய பிறகு பேசிக்கொள்ளலாம். நான் ஓடினேன். பதற்றத்தில் மேல்வீட்டு வால்வுக்குப் பதிலாக முழுக் கட்டடத்தின் வால்வையும் மூடிவிட்டேன். கீழ்த்தளத்து ஆசிரியர் ஒரு கன்னம் சவரம் செய்து மறு கன்னம் சோப்பு நுரையோடு வெளியே வந்து, "மிஸ், மீதியையும் முடிச்சிட்டு நிறுத்தியிருக்கலாமே" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அதற்குள் சரசு அக்காவை உலுக்கும் வேகம் போய்விட்டது.

மறுநாள் காலை மேல்வீட்டின் சொந்தக்காரர் வந்தார். லுணுகலைப் பக்கத்து லயத்தில் பிறந்து, டவுனில் ஹார்ட்வெயார் கடை போட்டு முன்னுக்கு வந்தவர். எல்லோரும் முதலாளி என்றே கூப்பிடுவார்கள். விழுந்த பூச்சுத் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இங்க பாருங்க மிஸ். மஞ்சள். பொரிச்ச முட்டை மாதிரி இருக்கு. வெள்ளிக்கெழமையான்னா இந்த சரசு வீடு பூரா மஞ்சத்தண்ணி ஊத்திக் கழுவுது. தோட்டத்துப் பழக்கம் விடல. வாற மாசத்தோட வீட்டக் காலி பண்ணச் சொல்லிருங்க."

சரசு அக்கா கதவோரம் நின்றார். "கழுவாம எப்புடிங்க வீடாகும்?" என்று மட்டும் கேட்டார்.

லயத்து ஒற்றையறைக் காம்பராவில் இருந்தவர்களுக்கு அவர் சொல்வது புரியும். அங்கே தரையில் தண்ணீரை வீசி, விளக்குமாற்றால் வாசல் வழியாகத் தள்ளிவிட்டால், முன்னால் ஓடும் கானில், அந்த வடிகாலில், போய்விடும். இரண்டாம் மாடியில் வாசலுக்கு வெளியே கான் கிடையாது, படிக்கட்டுத்தான். அதனால் அவர் தண்ணீரை எல்லாம் பாத்ரூமுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். அங்கேதான் போகும் வழி இருக்கிறது, நியாயம்தானே.

அந்த மஞ்சள் கறை எனக்கும் ஒரு நிமிடம் போதுமான சாட்சியாகத் தெரிந்தது. பிள்ளையைப் பெற்ற மனசு யாராவது ஒருவர் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தூங்கத்தான் பார்க்கும். ஆனால் என் குவார்ட்டர்ஸின் குளியலறை மூலையிலும் அதே நிறத்தில் ஒரு கறை இருந்தது. நான் மஞ்சள் தண்ணீர் தெளிப்பவள் அல்ல. நனைந்து காய்ந்த சுண்ணாம்பு எல்லாம் இந்த நிறம்தான். கோயிலில் நனைந்தாலும் பள்ளிவாசலில் நனைந்தாலும் மஞ்சள்தான். அதை முதலாளியிடம் சொன்னேன். அவர், "அப்ப நீங்க அவங்க கட்சியா?" என்றார். நான் எந்தக் கட்சியும் இல்லை, வெள்ளிக்கிழமை வாருங்கள், தண்ணீர் எந்தக் கட்சி என்று பார்ப்போம் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை மேலே சரசு அக்காவும் நான் வரவழைத்த கொத்தனார் மேசன் பாஸும். கீழே, தளர்ந்த பூச்சைப் பாஸ் முதலில் தட்டி விழுத்திவிட்ட இடத்தைச் சுற்றி நானும் முதலாளியும் ராத்தாவும். மூன்று பேரும் அண்ணாந்து நின்றோம். சீருடை வாங்க வந்து உள்ளே எட்டிப் பார்த்த ஒரு பெண்மணி பிறை பார்க்கிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, தானும் கொஞ்ச நேரம் மேலே பார்த்துவிட்டுப் போனார்.

போனில் சரசு அக்கா கேட்டார். "ஊத்தட்டுங்களா?"

முதலில் குளிப்பது போலப் பாத்ரூமில் ஊற்றச் சொன்னேன். ஊற்றினார். காத்திருந்தோம். ஒரு பொட்டுக்கூட இல்லை.

"இப்ப வீட்டக் கழுவுங்க. எப்பவும் கழுவுற மாதிரியே. நாங்க கீழ நிக்கிறோம்னு கூச்சப்பட்டுக் கொறைச்சு ஊத்தாதீங்க."

அவர் குறைக்கவில்லை. வாளியின் சத்தம், விளக்குமாற்றின் சத்தம், மறுபடி வாளி. முதலாளி என்னைப் பார்த்தார். "இது வீடு கழுவுறதா, தேர் வர ரோடு கழுவுறதா?" அவர் வாயை மூடுவதற்குள் ஒரு சொட்டு சரியாக அவர் நெற்றியில் விழுந்தது. அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். துடைக்கக்கூட இல்லை, எல்லோருக்கும் காட்டினார். "விழுந்துச்சா இல்லையா? நான் சொன்னேனா இல்லையா?"

அப்போது மேலிருந்து பாஸ் எங்களைக் கூப்பிட்டார். பாத்ரூமில் தண்ணீர் போகும் துவாரத்தின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார். முதலாளி வீட்டை வாடகைக்கு விடுவதற்கு முன்னால் அழகாக டைல்ஸ் போட்டிருந்தார். பழைய தரையை உடைக்காமல் அதன் மேலேயே போட்டிருந்தார்கள். தரை உயர்ந்துவிட்டது, பைப் பழைய உயரத்திலேயே நின்றுவிட்டது. இரண்டுக்கும் நடுவில் விரல் நுழையும் சந்து. குளிக்கும் தண்ணீர் நேராகப் பைப்புக்குள் விழுந்துவிடும். வாளி வாளியாக வந்து தேங்கினால் சந்துக்குள்ளும் இறங்கிச் சிலாப்பில் ஊறும்.

கீழே திரும்பி வந்து உட்கார்ந்தோம். இனித்தான் உண்மையான கஷ்டம். சந்து இல்லாவிட்டால் தண்ணீர் இறங்கியிருக்காது. வாளி வாளியாக ஊற்றாவிட்டாலும் இறங்கியிருக்காது.

"கழுவலன்னா சொட்டல. அவ்வளவுதான் கத," என்றார் முதலாளி.

"கட நெறைய சீமெந்த வெச்சிக்கொண்டு, சொந்த பாத்ரூமுக்கு ஒரு கரண்டி போட ஏலாமப் போச்சா மொதலாளி?" என்றார் ராத்தா.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சொன்னேன், "ராத்தா, பிளேன்டீ இருக்கா?" இதை நீங்கள் மனப்பாடம் செய்துகொள்ளலாம். சூடான கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு யாராலும் விரலை நீட்டிப் பேச முடியாது.

தேநீர் வந்தது. கோப்பையைக் கீழே வைக்கக் குனிந்தேன். துணி வெட்டும் மேசைக்கு அடியில் ஒரு பேசின் பாத்திரம் இருந்தது. உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து, ஒன்றன் மேல் ஒன்றாக வளையங்கள். ஒரு நாளில் படிகிற வளையங்கள் அல்ல.

"ராத்தா, இது எப்ப இருந்து இங்க இருக்கு?"

ராத்தா சரசு அக்காவைப் பார்த்தார். சரசு அக்கா தேநீரைப் பார்த்தார்.

"மழ தொடங்கக்குள்ளயே மிஸ்," என்றார் ராத்தா கடைசியில். "பொட்டுப் பொட்டாத்தான் விழுந்த. நான் சரசுட்ட சொன்னன். அது அழ வெளிக்கிட்டுட்டு. புள்ளைக்கு சோதின வருது, மொதலாளிக்குத் தெரிஞ்சா வீட்ட விடச் சொல்லுவாருன்னு. நான் சொன்னன், சரி அழாத, நான் பேசின் ஒண்டு வெச்சிக்கொள்றன்னு."

"நானும் சும்மா இருக்கலீங்க," என்றார் சரசு அக்கா, தன் பங்குக்கு. "ராத்தா கடைக்குப் போற நேரமாப் பாத்துத்தான் கழுவுவேன். அவங்க மேல சொட்டக் கூடாதுல்ல."

எனக்குச் சில விஷயங்கள் அப்போதுதான் பொருந்தின. அந்த மழைக்காலம் முழுக்க மாடிப்படியில் ராத்தா தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அவிக்கும் வட்டிலப்பம் மேலே போய்க்கொண்டிருந்தது, சரசு அக்காவின் சுண்டல் கீழே வந்துகொண்டிருந்தது. எவ்வளவு ஒற்றுமையான கட்டடம் என்று நான் பெருமையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். தம்பிகளே, தங்கைகளே, மேல்வீடும் கீழ்வீடும் சண்டை போட்டால் நிம்மதியாகத் தூங்குங்கள். முதல் சொட்டிலேயே உங்களுக்குத் தகவல் வந்துவிடும். வட்டிலப்பம் மேலே போகத் தொடங்கினால் அன்றைக்கே போய்ச் சிலாப்பைத் தட்டிப் பாருங்கள்.

நான் சிரிக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை.

"சரசு அக்கா, அந்த ஸ்டூல்ல நின்னது என் பிள்ளை."

சரசு அக்கா தலையை நிமிர்த்தாமல் சொன்னார். "தெரியும் மிஸ். அன்னையில இருந்து நான் மேல நடக்கிறதே பயந்து பயந்துதான். என் புள்ளயையும் மெதுவா நட, மெதுவா நடன்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

முதலாளிக்கு இப்போது வேறு கோபம். "ஆக ரெண்டு பேரும் சேந்து எனக்கு மறைச்சிருக்கீங்க. ஏன் சரசு எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வீட்டக் காலி பண்ணச் சொல்வீங்கன்னு பயந்தேன் மொதலாளி."

"நான் அப்படிப்பட்ட ஆளா?"

ராத்தா தன் கோப்பையைக் கீழே வைத்தார். "முந்தாநாள் வந்து கதவத் தொறந்த ஒடன நீங்க சொன்ன மொத வார்த்த என்ன மொதலாளி?"

முதலாளி தேநீரைக் குடிப்பது போலக் கோப்பையைத் தூக்கினார். அது ஏற்கெனவே முடிந்திருந்தது.

நம் வேலையில் இப்படி ஒரு நிமிடம் வரும். அந்த நிமிடத்தை ஜெயித்தவர் போல நடந்து கெடுத்துவிடாதீர்கள். நான் வேறு ஒன்று கேட்டேன். "லயத்துல ஒங்க காம்பரா ஒழுகினப்ப, தோட்டத்துத் துரைகிட்ட யாரு மொதலாளி போய்ச் சொன்னது?"

முதலாளி காலிக் கோப்பையைக் கீழே வைத்தார். "யாரும் சொல்லல. சொன்னா, எந்தப் பய தகரத்து மேல ஏறுனான், எவன் கல்லடிச்சான்னு விசாரணதான் வரும். தகரம் வராது. சட்டி வச்சோம்."

"சரசு அக்கா வச்ச சட்டி ராத்தா வீட்டுல இருந்திருக்கு. அதுதான் வித்தியாசம்."

பிறகு என் அபிப்பிராயத்தைச் சொன்னேன். வீட்டைக் கழுவுவது குற்றம் இல்லை. பாத்ரூம் தரை என்பது தண்ணீர் விழுவதற்காகவே இருப்பது. அதில் வாளித் தண்ணீர் விழுந்து கீழே இறங்குகிறது என்றால், தரையைச் சரியாகக் கொடுக்காதது வீட்டுக்காரரின் பொறுப்பு. ஆகவே பைப்பைச் சுற்றியுள்ள சந்தை அடைப்பதும் ராத்தாவின் பூச்சைச் சரிசெய்து தருவதும் முதலாளியுடையது. ஆனால் முதல் சொட்டு விழுந்தது தெரிந்ததும் சொல்லியிருக்க வேண்டியது குடியிருப்பவரின் பொறுப்பு. சொல்லாமல் ஊற விட்டது சரசு அக்காவின் பிழை, அதற்குத் துணை போனது ராத்தாவின் பிழை. ராத்தாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஒடைஞ்சது எண்ட கூர, பிழையும் எனக்கா?" என்றார். ஆமாம், கொஞ்சம் உங்களுக்கும்தான் என்றேன். வேலை முடியும்வரை சரசு அக்கா ஈரத் துணியைப் பிழிந்து துடைக்க வேண்டும். பூச்சை முழுதாகத் தட்டிப் பார்த்து முடிக்கும்வரை ராத்தா மெஷினை உள்ளறையில் போட வேண்டும்.

"வீடு?" என்றார் சரசு அக்கா. அவருக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை.

வீடு முதலாளியுடையது. நான் அவரைப் பார்த்தேன். இந்த முறை எல்லோரும் அவருடைய முகத்தைப் பார்த்தோம். அது எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியட்டும்.

"பாத்துரூம ஒடைக்கணும்," என்றார் அவர், யாரிடம் என்று தெரியாமல். "புள்ள படிக்கிற நேரத்துல சத்தமா இருக்கும். அது பள்ளிக்கூடம் போனதுக்கப்புறம் ஆள அனுப்புறேன்." எழுந்து செருப்பைத் தேடினார். வாசலில் நின்று திரும்பினார். "ஆனா இனிமே ஒரு சொட்டு வடிஞ்சாலும் எனக்குச் சொல்லணும். மொதல்ல எனக்கு. சரியா?"

"சரிங்க மொதலாளி," என்றார் சரசு அக்கா.

வேலை நடந்து முடிந்தது. நான் அந்த வருடக் கடைசியில் ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தேன். காவ்யாவின் தலையிலிருந்த வெள்ளைத் தூளைக் கழுவிவிட்டேன், என் கண்ணிலிருந்து அது போகவில்லை. ஒவ்வொரு சிலாப்புக்கும் கீழே ஒரு பிள்ளை நிற்பதாகவே தெரிந்தால் இந்த வேலையை நிதானமாகப் பார்க்க முடியாது. நிதானம் போன அன்றைக்கு விலகிக்கொள்வதும் இந்த வேலையில் ஒரு பகுதிதான். உங்களுக்கு அது மெதுவாகவே வரட்டும்.

சரசு அக்காவின் மகள் அந்த வீட்டிலிருந்தே போய்ப் பரீட்சை எழுதினாள். பரீட்சை நடந்துகொண்டிருந்த ஒரு நாள் முதலாளி எனக்குக் கோல் எடுத்தார். குரலில் ஒரே களைப்பு.

"மிஸ், அந்தப் பொம்பளைக்கு என்ன சொல்லிக் குடுத்து வச்சிருக்கீங்க? தெனம் போன். ஜன்னலால சாரல் அடிக்குது மொதலாளின்னுது. சிங்க் மெதுவாப் போகுது மொதலாளின்னுது. இன்னைக்கு வெடிய வெள்ளன எடுத்து, சமைக்கிற குசினி டெப் ஒரு சொட்டு விட்டுச்சுன்னுது. ஒரே ஒரு சொட்டு மிஸ்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வாஷர் எடுத்துக்கிட்டு வாறேன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல?"